பங்குகள் கூடிப்போனால் யாருடையதைக் குறைப்பது?

கணக்கு என்றதும் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். நான் சொல்லப்போவது பாடசாலைக் கணக்கல்ல. ஒரு வீட்டில் மௌத்து நடந்து, வந்தவர்களெல்லாம் கலைந்துபோன பிறகு, முன் மண்டபத்தில் ஆண்கள் கூடியிருந்து பேசி முடிக்கின்ற கணக்கு. உள்ளறையில் இருக்கும் பெண்களுக்கு அதன் விடை மட்டும்தான் வந்து சேரும். விடை எப்படி வந்தது என்று கேட்டால், "அதெல்லாம் கிதாபில் உள்ளது, உங்களுக்கு விளங்காது" என்பார்கள். விளங்கும். பத்து நிமிடம் தாருங்கள்.

ஒரு பெண் மௌத்தாகிவிட்டாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவளுக்குப் பிள்ளைகள் இல்லை. உம்மா, வாப்பா, வாப்பாவின் வாப்பா எவரும் உயிருடன் இல்லை. சகோதரர்களும் இல்லை. இருப்பவர்கள் கணவரும், உடன்பிறந்த சகோதரிகள் இருவரும்தான். அடக்கச் செலவு, கடன், வஸிய்யத் எல்லாம் போக மிஞ்சியது 42 இலட்சம் ரூபா.

சூரா அந்நிஸாவின் 12 ஆம் வசனப்படி பிள்ளையில்லாத மனைவியின் சொத்தில் கணவருக்குப் பாதி. அதே சூராவின் 176 ஆம் வசனப்படி இரு சகோதரிகளுக்கு மூன்றில் இரண்டு. இனிக் கூட்டிப் பாருங்கள். கணவருக்கு 21 இலட்சம். சகோதரிகள் இருவருக்கும் 28 இலட்சம். மொத்தம் 49 இலட்சம். கையில் இருப்பதோ 42 இலட்சம். ஏழு இலட்சம் எங்கிருந்து வரும்?

இந்த இடத்தில்தான் அநியாயம் நுழைகிறது. கணவர் தன் 21 இலட்சத்தை முதலில் எடுத்துக்கொண்டு, "மிச்சம் உங்களுக்கு" என்று சகோதரிகளிடம் சொல்லலாம். அல்லது சகோதரிகள் முந்திக்கொள்ளலாம். அல்லது ஊரில் ஒரு பெரியவர் நடுவில் வந்து, "மூன்று பேர் இருக்கிறீர்கள், ஏழு இலட்சத்தை மூன்றாகப் பிரித்து ஆளுக்குச் சமமாகக் குறைத்துக்கொள்ளுங்கள்" என்று தீர்ப்புச் சொல்லலாம். மூன்றாவது வழி நீதிபோலத் தோன்றும். ஆனால் பாருங்கள்: ஆளுக்கு 2 இலட்சத்து 33 ஆயிரம் குறைத்தால், 21 இலட்சம் பெறவேண்டிய கணவர் தன் பங்கில் ஒன்பதில் ஒன்றைத்தான் இழக்கிறார். 14 இலட்சம் பெறவேண்டிய ஒவ்வொரு சகோதரியும் ஆறில் ஒன்றை இழக்கிறாள். சிறிய பங்குக்குப் பெரிய வெட்டு. சமமாகக் குறைப்பது வேறு, நீதியாகக் குறைப்பது வேறு.

உமர் (ரலி) அவர்களின் காலத்து வழக்கு

நான் இட்டுக்கட்டிச் சொன்ன குடும்பமல்ல இது. உமர் (ரலி) அவர்களின் கிலாபத்தில் இதே வழக்கு வந்ததாகப் பராயிழ் நூல்கள் கூறுகின்றன. யாரை முற்படுத்துவது, யாரைப் பிற்படுத்துவது என்று தெரியாமல் அவர்கள் ஸஹாபாக்களைக் கூட்டி ஆலோசனை கேட்டார்கள். அப்போது அப்பாஸ் (ரலி) அவர்கள் ஓர் உவமை சொன்னதாகப் பல நூல்களில் உள்ளது. வேறு ஸஹாபாக்களின் பெயரைச் சொல்லும் அறிவிப்புகளும் உண்டு. ஒரு மனிதர் ஆறு திர்ஹங்களை விட்டுவிட்டு மௌத்தாகிறார். ஒருவருக்கு மூன்று திர்ஹமும் இன்னொருவருக்கு நான்கு திர்ஹமும் கடன் கொடுக்க வேண்டும். அந்த ஆறையும் ஏழு கூறாக்கி, மூன்று கூறு ஒருவருக்கும் நான்கு கூறு மற்றவருக்கும் கொடுப்போமல்லவா என்பதே அந்த உவமை.

இதன் அழகைக் கவனியுங்கள். கடன்காரர் இருவரில் எவருடைய உரிமையும் பொய்யல்ல. இருவருக்கும் முழுத் தொகையும் சேரவேண்டியதுதான். பணம்தான் போதவில்லை. ஆகவே போதாமையை இருவரும் தத்தமது உரிமையின் அளவுக்கு ஏற்பச் சுமக்கிறார்கள். அனந்தரக்காரர்களின் நிலையும் அதுவே. பாதி என்பதை ஆறில் மூன்று என்று எழுதுங்கள். மூன்றில் இரண்டு என்பதை ஆறில் நான்கு என்று எழுதுங்கள். மூன்றும் நான்கும் ஏழு. எனவே சொத்தை ஆறாகப் பிரிக்காமல் ஏழாகப் பிரிக்க வேண்டும். 42 இலட்சத்தில் ஒரு கூறு 6 இலட்சம். கணவருக்கு மூன்று கூறு, 18 இலட்சம். சகோதரிகளுக்கு நான்கு கூறு, 24 இலட்சம், ஆளுக்கு 12. கூட்டினால் 42. கணவர் இழந்தது 21 இல் 3. சகோதரிகள் இழந்தது 28 இல் 4. இரண்டுமே ஏழில் ஒன்று.

இதற்குப் பராயிழில் 'அவ்ல்' என்று பெயர். அறபுக் கல்லூரியில் இதைப் படிக்கும் மாணவர்கள் ஓர் அட்டவணையை மனப்பாடம் செய்வார்கள். பங்குகளைச் சமன்செய்ய எடுக்கும் அடிப்படை எண்கள் ஏழு: 2, 3, 4, 6, 8, 12, 24. இவற்றில் மூன்றே மூன்றுதான் கூடிப்போகும். 6 என்பது 7, 8, 9, 10 வரை ஏறும். 12 என்பது 13, 15, 17 ஆகும். 24 என்பது 27 ஆகும். அவ்வளவுதான். ஆயிரம் குடும்பங்கள் வந்தாலும் இந்தப் படிகளுக்கு வெளியே அவ்ல் போகாது.

அடுப்படியில் தெரிந்த கணக்கு

உண்மையில் இந்தக் கணக்கு உங்களுக்குப் புதிதல்ல. பத்து ஸஹனுக்கு, அதாவது அறுபது பேருக்கு, 8 கிலோ அரிசி போட்டு ஆக்குகிற ஒருத்தியிடம் இருபத்தைந்து ஸஹன் ஆக்கச் சொன்னால் அவள் பேனை தேடமாட்டாள். இரண்டரை மடங்கு, 20 கிலோ என்பாள். இறைச்சி, நெய், கஜு, தயிர் எல்லாவற்றையும் அதே இரண்டரையால் பெருக்குவாள். எல்லாம் ஒன்றாக வளரும். ஒன்றுக்கொன்று உள்ள உறவு மாறாது. அரிசி போதாமல் பத்து ஸஹனை ஏழாக்க வேண்டி வந்தாலும் அப்படியே. அரிசியை மட்டும் குறைத்து நெய்யை அப்படியே ஊற்றினால் சாப்பாடு என்னாகும் என்று அவளுக்குத் தெரியும். அவ்ல் செய்வதும் இதுதான்: எல்லாரையும் ஒரே எண்ணால் குறைக்கிறது.

(அவளுக்கு இன்னொன்றும் தெரியும். அரிசி இரண்டரை மடங்கானால் அடுப்பில் வைக்கும் நேரம் இரண்டரை மடங்காகாது. எது விகிதப்படி வளரும், எது வளராது என்று அறிவது கணக்குக்கு முந்திய அறிவு. இதற்குப் பின்னால் வருகிறேன்.)

பெண்களாகிய நீங்கள் குறிப்பாக அறிந்துவைக்க வேண்டிய ஒரு கருத்து வேறுபாடு இதில் உண்டு. உமர் (ரலி) அவர்களின் மறைவுக்குப் பின் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அவ்லை ஏற்கவில்லை. எல்லாருக்கும் குறைப்பதற்குப் பதிலாக, பங்கு உறுதியாக இருப்போரை முற்படுத்த வேண்டும், எஞ்சியதைப் பெறும் நிலைக்கு மாறக்கூடியவர்களைப் பிற்படுத்த வேண்டும் என்பது அவர்களின் கருத்து. இப்படிப் பிற்படுத்தப்படுவோர் யார்? மகள்மாரும் சகோதரிகளும்தான்.

இதற்குப் பேர்போன வழக்கு: கணவர், உம்மா, உடன்பிறந்த சகோதரி ஒருத்தி. கணவருக்குப் பாதி, உம்மாவுக்கு மூன்றில் ஒன்று, சகோதரிக்குப் பாதி. ஆறில் 3, 2, 3, கூட்டினால் 8. சொத்து 24 இலட்சமென்றால் அவ்ல் முறையில் கணவருக்கு 9, உம்மாவுக்கு 6, சகோதரிக்கு 9 இலட்சம். இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களின் முறையில் கணவருக்கு 12, உம்மாவுக்கு 8, சகோதரிக்கு 4 இலட்சம். ஒன்பதுக்கும் நாலுக்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள். பெரும் ஸஹாபியான அவர்களின் ஆய்வை மதிக்கிறோம். ழாஹிரிகளும் ஷீஆக்களும் அவ்லை மறுக்கும் பக்கத்தில்தான் நிற்கின்றனர். ஆனால் நான்கு மத்ஹபுகளும் அவ்லையே எடுத்தன. நமது நாட்டில் பெரும்பான்மையினர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபும் அதுவே. வஸிய்யத் இல்லாமல் மரணிக்கும் முஸ்லிமின் சொத்துக்கு அவர் சார்ந்த மத்ஹபின் சட்டமே பொருந்தும் என்று 1931 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமும் கூறுகிறது. ஆகவே இலங்கையில் ஒரு ஷாபிஈ குடும்பத்துச் சகோதரிக்கு 9 இலட்சத்துக்குப் பதில் 4 இலட்சம் நீட்டப்பட்டால், எந்த அடிப்படையில் என்று அவள் கேட்கலாம்.

கறுப்புத் திரையில் ஒரு வரி

இப்போது கணனி உள்ள வீடுகள் அதிகம். கையடக்கத் தொலைபேசியில் அனந்தரக் கணக்குப் போடும் செயலிகளும் வந்துவிட்டன. அவற்றைவிட எனக்குப் பிடித்தது வேறொன்று. படமில்லை, பொத்தானில்லை, கறுப்புத் திரையில் எழுத்தாகக் கட்டளை கொடுத்தால் எழுத்தாகவே விடை தருகின்ற சிறு கருவிகள். யுனிக்ஸ் வகைக் கணனிகளில் 'ஓக்' என்றொரு கருவி உண்டு. 1977 ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் ஏஹோ, வைன்பேர்கர், கேர்ணிகன் என்ற மூவர் ஆக்கியது. அவர்களின் பெயர்களின் முதலெழுத்துகளே அதன் பெயர். இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது. அதில் இரண்டு வரி எழுதினால் போதும்: பங்கு எண்களைக் கூட்டு, ஒவ்வொன்றையும் மொத்தத் தொகையால் பெருக்கி, அந்தக் கூட்டுத்தொகையால் வகு. தொகையையும் எண்களையும் கொடுத்த மறுகணம் ஒவ்வொருவர் பங்கும் வரிசையாக விழும்.

இதில் வியப்பில்லை. பக்தாதில் ஒன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த அல்குவாரிஸ்மி தமது அட்சரகணித நூலில் பெரும்பகுதியை வஸிய்யத்துக்கும் அனந்தரப் பங்கீட்டுக்கும் ஒதுக்கினார். மூன்று எண்கள் தெரிந்தால் அதே விகிதத்தில் நாலாவதைக் காணும் வணிகக் கணக்குக்கும் அதில் ஓர் அத்தியாயம் உண்டு. கணனிக்காரர்கள் 'அல்கோரிதம்' என்கிறார்களே, அந்தச் சொல்லே அவரது பெயரிலிருந்து பிறந்ததுதான்.

கருவியைப் பயன்படுத்துவோருக்கு ஒரு முக்கியமான விடயம். மனைவி, இரு மகள்மார், உம்மா, வாப்பா ஆகியோரை விட்டு ஒருவர் மௌத்தாகிறார். எட்டில் ஒன்று, மூன்றில் இரண்டு, ஆறில் ஒன்று, ஆறில் ஒன்று. 24 இல் 3, 16, 4, 4, மொத்தம் 27. கூபாவில் மிம்பரில் நின்றிருந்த அலி (ரலி) அவர்களிடம் ஒருவர் இந்த வழக்கைக் கேட்டபோது, மனைவியின் எட்டில் ஒன்று ஒன்பதில் ஒன்றாகிவிட்டது என்று அந்த இடத்திலேயே விடை கூறிவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தார்கள் என்பர். 27 இல் 3 என்பது ஒன்பதில் ஒன்றுதானே! அதனால் இந்த வழக்குக்கு 'மிம்பரிய்யா' என்றே பெயர்.

சொத்து பத்து இலட்சம் ரூபா என்று வைப்போம். அவசரக்காரர் முதலில் 27 ஆல் வகுத்து, 37,037 ரூபா என்று எழுதிக்கொண்டு, பின்னத்தை விட்டுவிட்டுப் பெருக்குவார். மனைவிக்கு 111,111, மகள்மாருக்கு 592,592, வாப்பாவுக்கும் உம்மாவுக்கும் 148,148 வீதம். கூட்டினால் 999,999. ஒரு ரூபாவைக் காணோம். இன்னொருவர் முதலில் பெருக்கிப் பின் வகுத்து, சதத்துக்குக் கிட்டிய எண்ணாக எழுதுவார். மனைவிக்கு 111,111.11, மகள் ஒருத்திக்கு 296,296.30; பெற்றோருக்கு 148,148.15 வீதம். இப்போது மொத்தம் பத்து இலட்சத்து ஒரு சதம். இல்லாத ஒரு சதத்தைப் பங்கிட்டுவிட்டார்! சதத்தை இன்று யார் பார்க்கிறார்கள் என்று சிரிப்பீர்கள். தொகை சிறிதுதான். ஆனால் தாளில் எழுதிய பங்குகளைக் கூட்டிப் பார்க்கும் பழக்கம் இருந்தால், இலட்சக் கணக்கில் விழும் ஓட்டையும் அதே கூட்டலில் அகப்படும்.

கருவிக்குக் கொடுக்கும்போதும் 3, 16, 4, 4 என்று முழு எண்களாகவே கொடுங்கள், 0.125, 0.667 என்று தசமமாகக் கொடுக்காதீர்கள். மூன்றில் இரண்டு என்பது எந்தத் தசமத்திலும் முடிவதில்லை. கணனிக்கோ 0.1 என்பதைக்கூடத் திருத்தமாக எழுத முடியாது. அது இரண்டின் அடிப்படையில் எண்ணுகிறது. கடைசி வரை கூறுகளாகவே வைத்திருந்து, கடைசியில் ஒரு முறை மட்டும் ரூபாவாக்குவது நமது பழைய உஸ்தாத்மாரின் வழி. அதுவே இன்றும் சரி.

கருவி அறியாதவை

அடுப்பு நேரம் பற்றிச் சொன்னேனே, அதற்கு வருகிறேன். எண்ணைக் கொடுத்தால் கருவி பிழைவிடாது. ஆனால் எந்த எண்ணைக் கொடுப்பது என்று அதற்குத் தெரியாது. மகன் ஒருவன் இருந்தால் சகோதரிக்கு ஒன்றும் இல்லை என்பதோ, பிள்ளை இருந்தால் கணவரின் பாதி காலாகும் என்பதோ அதற்குத் தெரியாது. எது மையித்தின் சொத்து, எது இல்லை என்பதும் தெரியாது. கிழக்கு மாகாணத்தில் கலியாணத்தின்போது வீடு பெண்ணுக்குக் கொடுக்கப்படுகிறது. கணவர் மௌத்தானால் மனைவியின் பெயரிலுள்ள அந்த வீடு அவரது அனந்தரச் சொத்தல்ல. அதைப் பட்டியலில் சேர்த்துவிட்டு எட்டில் ஒன்றை அவளுக்கே 'கொடுப்பது' என்ன நியாயம்? அவளது நகையும் அப்படியே.

அதுபோல் மஹர். கொடுபடாத மஹர் கணவரின் கடன். பங்கு பிரிப்பதற்கு முன் அது மனைவிக்குப் போய்ச் சேரவேண்டும். அதற்குப் பிறகுதான் அவளது எட்டில் ஒன்றோ நாலில் ஒன்றோ. சொத்து கடனுக்கே போதாவிட்டால் அங்கும் விகிதம்தான். மஹர் 1 இலட்சம், கடைக்காரருக்கு 2 இலட்சம், நண்பருக்கு 3 இலட்சம் என்று 6 இலட்சம் கடனிருக்க, அடக்கச் செலவு போக இருப்பது நாலரை இலட்சமானால், ஒவ்வொருவருக்கும் தம் கடனில் நூற்றுக்கு 75 வீதம். மனைவிக்கு 75 ஆயிரம், கடைக்காரருக்கு ஒன்றரை இலட்சம், நண்பருக்கு இரண்டேகால் இலட்சம். (குறிப்பிட்ட பொருளொன்று ஈடாக வைக்கப்பட்டிருந்தால் அந்தப் பொருளின் சட்டம் தனி.) "பெண்சாதிதானே, அவள் கேட்கமாட்டாள்" என்று மஹரைக் கடைசிக்குத் தள்ள எவருக்கும் உரிமையில்லை. அவளும் ஒரு கடன்காரி. வரிசையில் மற்றவர்களோடு நிற்பவள்.

காணியிலும் இடைஞ்சல் வரும். இருபது பேர்ச்சஸ் வளவை 27 கூறாக்கினால் மனைவிக்கு வருவது இரண்டே கால் பேர்ச்சஸுக்கும் குறைவு. அதில் குசினிகூடக் கட்ட முடியாது. அவ்வளவு சிறு துண்டாகப் பிரிக்க அனுமதியும் கிடைக்காது. அப்போது துண்டு போடாமல் நடப்பு விலையை மதிப்பிட்டு, எடுப்பவர் மற்றவர்களுக்கு விகிதப்படி பணம் கொடுக்க வேண்டும். மதிப்பீட்டை, வளவை எடுத்துக்கொள்ளப் போகிறவரிடமே விட்டுவிடாதீர்கள்.

எப்போதும் பங்கு கூடிப்போவதுமில்லை. சில வேளை குறையும். உம்மாவும் ஒரே மகளும் மட்டும், ஆண்வழி உறவினர் ஒருவரும் இல்லை, சகோதரியும் இல்லை. ஆறில் ஒன்று, ஆறில் மூன்று; இரண்டு கூறு மிச்சம். 24 இலட்சத்தில் 4 உம்மாவுக்கு, 12 மகளுக்கு, 8 இலட்சம் அந்தரத்தில். பைத்துல்மால் முறையாக இயங்கினால் அதற்குப் போகவேண்டும் என்பது ஷாபிஈ மத்ஹபின் பழைய நிலை. அது முறையாக இல்லாதபோது பங்குக்காரர்களுக்கே திருப்ப வேண்டும் என்று பிந்திய இமாம்கள் பத்வா கொடுத்தார்கள். எப்படித் திருப்புவது? ஒன்றுக்கு மூன்று என்ற அவர்களின் விகிதத்திலேயே. உம்மாவுக்கு 6, மகளுக்கு 18 இலட்சம். இது 'ரத்து'. கணவனுக்கும் மனைவிக்கும் இதில் இடமில்லை.

அவ்லில் கடைசிப் படியாகிய பத்தை மட்டும் சொல்லி நிறுத்துகிறேன். கணவர், உம்மா, உம்மா வழிச் சகோதரிகள் இருவர், உடன்பிறந்த சகோதரிகள் இருவர். ஆறில் 3, 1, 2, 4. கூட்டினால் பத்து. கோழியைச் சுற்றிக் குஞ்சுகள்போல் கூடுதல் பங்குகள் சூழ்ந்திருப்பதால் அறபிகள் இதைக் 'குஞ்சுகளின் தாய்' என்றார்கள். கூபாவின் காழி ஷுரைஹ் அவர்களிடம் இந்த வழக்கு வந்தது. அவர் பத்தாகப் பிரித்துக் கணவருக்கு மூன்று கூறு கொடுத்தார். அந்த மனிதரோ போகுமிடமெல்லாம், பிள்ளையில்லாமல் மனைவி மௌத்தானால் கணவனுக்கு எவ்வளவு என்று கேட்பாராம். பாதி என்பார்கள். எனக்கு ஷுரைஹ் பாதியும் தரவில்லை, மூன்றில் ஒன்றும் தரவில்லை என்பாராம். அவர் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. கூட இருந்த ஐந்து பெண்களைத்தான் சொல்லவில்லை. ஷுரைஹ் அவரை அழைத்துக் கண்டித்தார் என்கிறார்கள்.

இதே குடும்பத்துக்கு 50 இலட்சம் என்று வைத்துக்கொண்டு, ஒரு தாளில் நீங்களே பிரித்துப் பாருங்கள். கணவருக்கு 15, உம்மாவுக்கு 5, உம்மா வழிச் சகோதரிகளுக்கு ஆளுக்கு 5, உடன்பிறந்த சகோதரிகளுக்கு ஆளுக்கு 10 இலட்சம் வரவேண்டும். வராவிட்டால் முதலில் கூட்டலைப் பாருங்கள்.